கைமாறிய வெள்ளைப் பை

அந்தக் கடதாசி என் கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இரண்டு வருடமாகக் கேட்டு நின்ற கடதாசி. மனைவியையும் பிள்ளையையும் இத்தாலிக்குக் கூப்பிட ஆட்சேபனை இல்லை என்று ஒரே ஒரு தாள், அடியில் ஒரு வட்ட முத்திரை, ஒரு கையெழுத்து. நுல்லா ஒஸ்தா என்பார்கள். பிரதி செல்லாது. மூலத்தைத்தான் கொழும்பில் எம்பசியில் கொடுக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை அங்கே மனைவிக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அவள் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். நான் வெளிக்கிடும்போது பிள்ளைக்கு எட்டு மாதம். இப்போது ஐந்து வயது நெருங்குகிறது. லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து பதிவு பார்க்காத கிழமை இல்லை. "நேற்றும் வந்தவங்கள், பிள்ளை கட்டிலுக்குக் கீழ போய் ஒளிச்சிட்டாள்" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்கியது. ருசிதான் தெரியவில்லை.

இப்படியான கடதாசிகளைத் தபாலில் போட எங்களில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. ஊருக்குப் போகிறவர்களின் கையில்தான் கொடுத்துவிடுவோம். பலெர்மோவில் எங்களுக்குக் கிட்ட, போர்கோ வெக்கியோவில் ஒரு அக்கா இருந்தார், ஊரில் எங்கள் தீவுப் பக்கத்து ஆள், ஞாயிறு பூசையில் பழக்கம். வியாழக்கிழமை மாலை ஏழு மணி ரயிலில் ரோமுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு விமானம் ஏறுகிறார். புதன் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். "தாரும் தம்பி, இப்பவே சூட்கேசுக்குள்ள வைக்கிறன்" என்றார். நான் கொடுக்கவில்லை. "நாளைக்கு ஸ்டேசனுக்குக் கொண்டு வாறன் அக்கா" என்றேன். இரண்டு வருடம் காத்திருந்த தாள், இன்னும் ஒரு நாள் என் உடம்போடு இருக்கட்டும் என்று ஒரு ஆசை. நான் பட்ட ஆசைகளில் இதைவிடக் கேடுகெட்டது வேறில்லை.

உடம்போடு என்றால் உண்மையிலேயே உடம்போடுதான். எங்கள் ஆட்கள் பலருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. பாஸ்போட், அடையாள அட்டை, பிறந்த பத்திரம், கலியாணப் பத்திரம், இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ, குடும்பப் படம், எல்லாம் ஒரே கட்டாக, எங்கே போனாலும் கூடவே வரும். சண்டை நடக்கிற ஊரில் எந்த நேரம் ஓட வேண்டி வரும், எந்தச் சந்தியில் மறிப்பார்கள் என்று சொல்ல முடியாது. கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்தபோது தண்ணீர் அடித்துச் சனங்களின் பத்திரங்கள் கூழாய்ப் போனதைக் கண்ணால் கண்டவன் நான். அன்றிலிருந்து பத்திரக் கட்டைப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமத்தி எடுத்து, மடித்து, ரப்பர் வளையம் போடுவேன். பலெர்மோவில் கடலேரியும் இல்லை, ஷெல்லும் இல்லை. அறையில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை.

மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு ஹோட்டலில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். குளிர்காலத்தில் அங்கே ஈ ஓட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். மாசி மாதக் கடைசியில் மட்டும் ஒரு கிழமைக்கு உயிர் வரும், சைக்கிளோட்டக்காரர்கள் வருவதால். வருடம் தொடங்கியதும் நடக்கிற முதல் ஓட்டங்களில் ஒன்று அது. நாலு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு பாதை, எல்லாம் மலை. எங்கள் ஹோட்டலில் தங்கியது ஒரு சின்ன அணி, எட்டுப் பேர். அவர்களுக்குக் கால் பிடித்துவிடுகிற மசாஜ்காரர்தான் சாப்பாடும் கட்டுவார், ஆளை நம்புகிற நல்ல மனிதர். அவருடைய உதவியாளுக்குக் காய்ச்சல் என்று முதலாளியிடம் கேட்டு என்னை எடுத்துக்கொண்டார்.

வேலை பெரிய வேலையில்லை. அரிசியைப் பாலும் சீனியும் போட்டுக் குழைய அவித்து, ஆறவிட்டு, துண்டு துண்டாய் வெட்டி அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். நாங்கள் புக்கை என்று சொல்வோமே, அதைக் கட்டியாக்கினால் எப்படியோ அப்படி. இப்படி நாலு துண்டு, ஒரு வாழைப்பழம், ஒரு சின்ன கேக், எல்லாவற்றையும் நீள வார் வைத்த வெள்ளைத் துணிப்பையில் போட்டு, ஓட்டம் பாதி போனதும் வீதியோரம் நின்று, ஓடிவருகிறவர்களின் கையில் மாட்டிவிட வேண்டும். முதல் நாளே மசாஜ்காரர் அந்தப் பைகளில் ஒன்றை எனக்கும் தந்தார். "வைச்சுக்கொள், ஞாபகமா இருக்கும்" என்றார். எனக்குச் சந்தோஷம். பத்திரக் கட்டு அதற்குள் அளவாக உட்கார்ந்தது. வாரை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, மேலே ஜக்கெட்டைப் பூட்டினால் இருப்பதே தெரியாது.

வியாழக்கிழமை மூன்றாம் நாள் ஓட்டம். பியானா ஏரிக்கு அப்பால், ஒரு ஊர் முடிகிற இடத்தில், வாதுமை மரங்கள் பூத்து நின்ற வீதியோரம் காரை நிறுத்தினோம். குளிர் காதைக் கடித்தது. மசாஜ்காரர் அணியின் மஞ்சள் ஜக்கெட் ஒன்றை என்னிடம் எறிந்தார். "இதைப் போடு. தூரத்தில் மஞ்சளைப் பார்த்துத்தான் பெடியள் உன்னட்டை வருவாங்கள்." என் ஜக்கெட்டைக் கழற்றினேன். மஞ்சள் ஜக்கெட் இறுக்கம், பையோடு பூட்ட முடியவில்லை. பையைக் கழற்றினேன். காரின் திறந்த கதவில் சாப்பாட்டுப் பைகள் வரிசையாய்த் தொங்கின. பக்கத்தில் கொண்டுபோய் நானும் மாட்டினேன், என் கையாலேயே.

அவர்கள் வருவது முதலில் காதில்தான் விழும். மோட்டார் சைக்கிள்கள், பிறகு சில்லுகளின் இரைச்சல், பிறகு நிறங்கள். மசாஜ்காரர் முன்னால் நின்று ஐந்து பேருக்குக் கொடுத்தார். பின்னால் நின்ற நான் இரண்டு பேருக்குக் கொடுத்தேன். கூட்டம் போய்விட்டது. கடைசியாக, நூறு மீட்டர் பிந்தி, எட்டாவது ஆள் வந்தார். அணியில் மூத்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். வடக்கே ஏதோ நாட்டுக்காரர், என்னைப் போலவே உடைந்த இத்தாலியன் பேசுவார். ஹோட்டலில் தான் சாப்பிட்ட கோப்பையைத் தானே சமையலறைக்குக் கொண்டுவந்து தருகிற ஒரே ஆள் அவர்தான். அவருக்குச் சரியாகக் கொடுக்க வேண்டும் என்று ஓடிப்போய்க் கதவிலிருந்து ஒரு பையை எடுத்து வாரை நீட்டிப் பிடித்தேன். அவர் கையை உள்ளே விட்டு அள்ளிக்கொண்டு போனார். "பிராவோ" என்றார் மசாஜ்காரர். எனக்குப் பெருமை வேறு.

திரும்பி வந்து மஞ்சள் ஜக்கெட்டைக் கழற்றிவிட்டு, கதவில் மிஞ்சித் தொங்கிய பையை எடுத்து நெஞ்சில் போட்டேன். கனம் வேறு மாதிரி இருந்தது. கையை விட்டேன். அலுமினியத் தாள். வாழைப்பழம். காரின் உள்ளே பார்த்தேன், காரின் கீழே பார்த்தேன், புல்லுக்குள் முழங்காலில் நின்று தேடினேன். தேடத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். என் மனைவியையும் பிள்ளையையும் நானே ஒரு சைக்கிள்காரனின் கையில் மாட்டி அனுப்பிவிட்டேன்.

மசாஜ்காரருக்கு விளங்கப்படுத்த என் இத்தாலியன் காணாமல் போனது. "தொக்குமென்தி, தொக்குமென்தி", பத்திரங்கள், ஏழு மணி ரயில் என்று நெஞ்சில் அடித்துக் காட்டினேன். விளங்கியதும் அவர் முகம் வெளுத்தது.

"இப்ப அவர் அந்தப் பையை என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"கழுத்தில மாட்டுவான். சாப்பாட்டை எடுத்து முதுகுப் பொக்கற்றில போடுவான். வெறும் பையை எறிவான்."

"சாப்பாடு இல்லாட்டி?"

"இல்லாட்டி உடனே எறிவான்" என்றார்.

அணியின் மற்றக் கார் ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் மலைக்குள் போய்விட்டது. அதிலிருந்த தொலைபேசி மலைக்குள் வேலை செய்யாது. மசாஜ்காரர் வேறு குறுக்கு வழியால் ஓட்டம் முடிகிற இடத்துக்குப் போயாக வேண்டும், குளிரில் வருகிறவர்களுக்கு உலர்ந்த உடுப்பு அவரிடம்தான் இருந்தது. "நான் இஞ்சை நிண்டு தேடுறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினேன். அவருக்கு அது விளங்கியது. அப்போது நேரம் ஒரு மணி. ஏழு மணி ரயிலுக்கு ஆறு மணித்தியாலம்.

வீதி மேலே ஏறிக்கொண்டே போனது. இடது பக்கத்தைப் பார்த்தபடி நூறு மீட்டர் நடப்பேன், திரும்பி வந்து வலது பக்கம் பார்ப்பேன். முதல் வெள்ளைப் பை ஒரு கள்ளிப் புதரில் கிடந்தது. முள் கையெல்லாம் ஏற இழுத்தெடுத்தேன். வேறு அணியின் பை, வெறும் பை. இரண்டாவது வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள், அதுவும் வெறும் பை. பிறகு ஒன்றும் இல்லை. இவ்வளவு பேர் எறிந்திருக்க வேண்டுமே, எங்கே என்று யோசித்தால், சனம் பொறுக்கிக்கொண்டு போகிறது. ஓட்டக்காரன் எறிகிற பையும் போத்தலும் அவர்களுக்குப் பொக்கிஷம். நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓட்டம் பார்த்த ஒரு குடும்பம் சாமான்களை மடித்துக்கொண்டிருந்தது. தகப்பன் தோளில் இரண்டு வெள்ளைப் பைகள். நான் ஓடிப்போய் அவற்றைப் பிடித்தேன். கேட்கவில்லை, பிடித்தேன். அந்த மனிதன் என் கையைத் தட்டிவிட்டான். அவனுடைய மனைவிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே இரண்டு பையையும் வாங்கிக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு வாழைப்பழத் தோல் விழுந்தது.

வழியில் கண்ட எல்லோரிடமும் கேட்டேன். சில பேர் கையை விரித்தார்கள். சில பேர் என் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கார்க் கண்ணாடியை ஏற்றினார்கள். எனக்குக் கோபம் வந்தது, அவர்கள் மேல் இல்லை. ஒரு பெண்சாதி கொழும்பில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், இவன் இங்கே மஞ்சள் ஜக்கெட் போட்டு விளையாடுகிறான் என்று என்னை நானே தூஷணத்தால் ஏசிக்கொண்டு நடந்தேன். நடுநடுவே சாந்தா ரொசாலியாவிடம் மன்றாடினேன். மொண்டெல்லோவுக்குப் பக்கத்து மலைக் கோயிலில் இருக்கிற அவளிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து ஏறியிருக்கிறேன். இன்னும் நூறு தரம் ஏறுகிறேன் தாயே என்றேன்.

மலை உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. தொப்பி போட்ட ஒரு கிழவர் மட்டும் நின்று கீழே சிதறிக் கிடந்த பழைய பத்திரிகைத் தாள்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். பையைக் கண்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். இந்தத் தாள்களெல்லாம் என்ன என்று ஏனோ கேட்டேன். ஓட்டக்காரருக்கு நீட்டினதில் மிஞ்சினவை என்றார். இறக்கத்தில் குளிர் நெஞ்சைப் பிளக்குமாம். சட்டைக்குள் தாளைச் செருகிக்கொண்டு இறங்குவார்களாம். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது என் காதுக்குள் போனது, மண்டைக்குள் போகவில்லை.

மறுபக்கம் இறங்கியும் தேடினேன். கால் சிராய்த்துக்கொண்டு சரிவுக்குள் இறங்கி ஒரு வெள்ளையை எடுத்தேன், அது உரப்பை. மூன்றரை மணிக்கு ஒரு மதகில் இருந்தேன். பசித்தது. நெஞ்சில் தொங்கிய பைக்குள் நாலு துண்டுச் சோறு இருந்தது. அதைத் தொட மனம் வரவில்லை. இது அந்த மனிதனுடைய சாப்பாடு, அவன் வெறும் வயிற்றோடு மலை ஏறுகிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆர்ட்டிசோக் ஏற்றிக்கொண்டு பலெர்மோ போன ஒரு மூன்று சில்லு வண்டிக்காரன் என்னை ஏற்றினான். முன்னால் இடமில்லை, பின்னால் காய்களோடு இருந்தேன். நகரத்துக்குள் வந்ததும் இரண்டு யோசனை. நேரே ஸ்டேசனுக்குப் போய் அக்காவிடம், கடதாசி இல்லை, மனைவியிடம் சொல்லிவிடுங்கள் என்று சொல்வது ஒன்று. ஹோட்டலுக்குப் போய், பையை எந்த இடத்தில் எறிந்தார் என்று அந்த மனிதரிடம் கேட்பது மற்றது. மனைவியிடம் சொல்லச் சொல்லி ஒரு ஆளை அனுப்ப என்னால் முடியாது. மொண்டெல்லோ பஸ்ஸில் ஏறினேன்.

ஹோட்டலுக்குள் நுழையும்போது ஐந்தே முக்கால். வாசலில் அணியின் பொறுப்பாளர் மசாஜ்காரரைத் தாறுமாறாக ஏசிக்கொண்டிருந்தார். மூத்தவர் கடைசி ஏற்றத்தில் பசியால் கண் இருண்டு, சைக்கிளை விட்டு இறங்கி, பின்னால் வந்த வானில் ஏறி நேரே ஹோட்டலுக்கு வந்துவிட்டாராம்; மசாஜ்காரர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அவருடைய ஓட்டம் முடிந்தது. பைக்குள் குப்பையைப் போட்டுக் கொடுத்த முட்டாள் யார் என்று பொறுப்பாளர் கேட்டார். மசாஜ்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான்" என்று சொன்னது நான். பதிலுக்கு நிற்காமல் படியேறினேன்.

மூத்தவர் கட்டிலில் படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே முகம் சாம்பல் நிறம். அறை முழுக்க வேர்வையும் அவர்கள் காலிலும் நெஞ்சிலும் தேய்க்கிற தைலமும் சேர்ந்த நெடி. சுவரோரம் இருந்த சூடாக்கியில் கையுறை, காலுறை, அவற்றுக்கு நடுவே, ரப்பர் வளையம் போட்டபடி, என் பொலித்தீன் கட்டு. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

"உன்ரையா?" என்றார் உடைந்த இத்தாலியனில். "சாப்பாடு இல்லை. பையை எறிஞ்சிட்டன். இது நல்ல பிளாஸ்டிக். காத்துப் போகாது." போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தன் நெஞ்சில் தட்டிக் காட்டினார். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உச்சியில் நீட்டிய பத்திரிகைத் தாளை வாங்காமல், என் மனைவியையும் பிள்ளையையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அந்த இறக்கம் முழுக்க இறங்கியிருக்கிறார்.

என் தோளில் கிடந்த பையைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். உள்ளே பார்த்தார். எழுந்து இருந்து, தாளைப் பிரித்து, நாலு துண்டையும் தின்றார். நான் அழுதேன். அவர் தின்றுகொண்டே மற்றக் கையால் என் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மசாஜ்காரர் கீழே அணியின் காரை இயக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கூரையில் சைக்கிள்கள் ஆட ஆட, நகரத்தை ஊடறுத்து ஸ்டேசனுக்கு ஓட்டினார். வழியில் கட்டைப் பிரித்தேன். ரப்பர் வளையத்துக்கு அருகே வேர்வை கசிந்திருந்தது. தாளின் மேல் மூலையில் தைலம் பிரண்டு கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. முத்திரை அப்படியே இருந்தது. ரயில் வெளிக்கிட ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்டி யன்னலால் கடதாசியை அக்காவிடம் கொடுத்தேன்.

"என்ன தம்பி இது, ஒரே எண்ணெயும் வேர்வையும். எம்பசியில எடுப்பாங்களோ?" என்றார்.

"எடுப்பாங்கள் அக்கா" என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் எடுத்தார்கள் என்று செய்தி வரும்வரை எனக்கு நித்திரை ஏது.

அந்த வருடம் ஆடியில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் பிள்ளையைத் தூக்கினேன். அவள் என் கழுத்தில் மூக்கை வைத்து மணந்து பார்த்தாள். பிறகு உடம்பை முறுக்கி இறங்கி, தாயின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள். ஒரு மாதமாகியும் கிட்ட வரவில்லை. முகம் தெரியாத ஆள், பழகட்டும் என்று நானும் விட்டேன். உள்ளுக்குள் வலித்தது.

ஒரு பின்னேரம் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் அறையில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள். "இப்ப கால்நோவுக்குத் தைலம் பூசுறேல்லையே?"

"என்ன தைலம்?"

"அந்தக் கடதாசியில மணந்துதே. உங்கட வேர்வையும் தைலமும். நிண்டு நிண்டு வேலை செய்து கால் நோகுது போல எண்டு நான் அழுதுபோட்டன். நாலு வருசத்துக்குப் பிறகு உங்கட மணம். எம்பசிக்குக் குடுக்க முந்தி ரெண்டு இரவும் தலையணைக்குக் கீழ வைச்சுத்தான் படுத்தனாங்கள். பிள்ளைக்கும் மணக்கக் குடுத்தன், இதுதான் அப்பா எண்டு."

"இப்ப நோ இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் மருந்துக் கடைக்குப் போய், சைக்கிளோட்டக்காரர் காலில் தேய்க்கிற தைலம் என்று கேட்டு வாங்கினேன். வேலை முடிந்து வந்ததும் முழங்காலிலிருந்து பாதம்வரை, கழுத்திலும் கொஞ்சம், பூசிக்கொண்டு கதிரையில் இருந்தேன். மூன்றாம் நாள் பிள்ளை மெல்ல வந்து, என்னை மணந்து பார்த்துவிட்டு, மடியில் ஏறி இருந்தாள்.